36 மாதக் கணக்கை வைத்து அடுத்த ஆண்டைக் கணித்துப் பார்த்தது

மூன்று வருடத்து மாதக் கணக்கு, மொத்தம் 36 எண்கள். இதை வைத்து அடுத்த 12 மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டும். காலத்தொடர்க் கணிப்பில் இறங்கிய யாருக்கும் இந்த வேலை ஒரு நாள் வந்தே தீரும். பாடத்தில் வரும் தொடர்களில் நூறு, இருநூறு எண்கள் இருக்கும். கைக்கு வருவதில் முப்பது, நாற்பது இருந்தாலே பெரிது.

எனக்கு வந்த 36 எண்களிலேயே சோதனை செய்ய இடமில்லை. கடைசி 12ஐ மறைத்து வைத்தால் பழக 24தான் மிஞ்சும். அதில் ஒவ்வொரு மாதமும் இரண்டே முறை வருகிறது. அதனால் முறைகளை முதலில் வேறொரு நீளமான தொடரில் ஒத்திகை பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். நீளமான தொடரை வெட்டி, என்னிடம் மூன்று வருடம் மட்டுமே இருப்பதாக நடித்து, நான்காவது வருடத்தைக் கணித்து, பிறகு திறந்து பார்ப்பது. இந்தப் பதிவு அந்த ஒத்திகையைப் பற்றியது.

எடுத்துக்கொண்ட தொடர் எல்லோருக்கும் தெரிந்த விமானப் பயணிகள் கணக்கு: 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை சர்வதேச விமானங்களில் சென்றவர்களின் மாத எண்ணிக்கை, ஆயிரங்களில். 144 எண்கள். புள்ளியியலாளர்கள் பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-ல் பயன்படுத்தியதால் பிரபலமானது. ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் இரண்டிலும் எளிதாகக் கிடைக்கும். கீழே வரும் எண்களை யாரும் ஒரு கால்குலேட்டரை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கூட்டல், வகுத்தல், கொஞ்சம் மடக்கை, அவ்வளவுதான்.

1949, 1950, 1951 மூன்றையும் வைத்துக்கொண்டேன். 1952ஐ மூடி வைத்தேன்.

எந்த நிரலையும் ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரிசை, பன்னிரண்டு கட்டம் போட்டு எண்களை எழுதினேன். 36 எண்களில் இது சாத்தியம்; சிறு தரவில் உள்ள ஒரே சொகுசு என்றும் சொல்லலாம். ஆண்டு மொத்தம் 1520, 1676, 2042 என்று ஏறுகிறது. ஜூலை, ஆகஸ்ட் உச்சம், நவம்பர் பள்ளம். எண்கள் பெரிதாகும்போது உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியும் பெரிதாகிறது: 1949-ல் 44, 1951-ல் 54. ஆகவே கூட்டல் முறையைவிடப் பெருக்கல் முறை பொருந்தும் என்று தோன்றியது. இதெல்லாம் எந்தச் சோதனையும் இல்லாமல் கண்ணுக்கே தெரிவது.

தாளில் இன்னொன்றும் தெரிந்தது. 1951 மே மாதம் 172. அதற்கு முந்தைய ஆண்டு மே 125. அதாவது 37.6% ஏற்றம். அதே ஆண்டில் ஏப்ரல் 20.7%, ஜூன் 19.5% மட்டுமே ஏறியிருக்கிறது. மே மட்டும் தனியாகத் துள்ளியிருக்கிறது. இந்த மே மாதத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்தேன். பின்னால் இது பல இடத்தில் குறுக்கே வந்து நின்றது.

முதலில் எளிய அளவுகோல் வேண்டும். சென்ற ஆண்டு என்னவோ அதுவே இந்த ஆண்டும் என்று 1951ஐ அப்படியே 1952க்கு நகல் எடுத்தால் சராசரிப் பிழை (கூடுதலா குறைவா என்று பாராமல்) 26.8. பன்னிரண்டு பிழையும் ஒரே பக்கம். வளர்ச்சியையே கணக்கில் எடுக்காததால் அது எதிர்பார்த்ததுதான். ஆண்டுக்கு ஆண்டு கூடிய சராசரி அளவை, அதாவது மாதத்துக்கு 21.75ஐ, எல்லா மாதத்திலும் கூட்டினால் பிழை 8.6க்கு இறங்குகிறது. கூட்டாமல் பெருக்கினால்? இரண்டு வருட வளர்ச்சியின் பெருக்குச் சராசரி 1.159. 1951ஐ அதனால் பெருக்கினால் பிழை 6.9. கடைசி ஆண்டின் வளர்ச்சியை மட்டும் நம்பி 1.218ஆல் பெருக்கினால் 10.5 ஆகிவிடுகிறது.

இந்த 6.9-ல் மே மாதம் மட்டும் 16.4 பிழை. காரணம் அந்த வட்டமிட்ட எண். 1951 மே துள்ளியதை அப்படியே 1952க்கும் தூக்கிக்கொண்டு போகிறது இந்த முறை. சரி, ஒரு ஆண்டின் வடிவத்தை நம்பாமல் மூன்று ஆண்டின் வடிவத்தையும் சராசரி எடுத்தேன். ஒவ்வொரு மாதத்தையும் அந்த ஆண்டின் சராசரியால் வகுத்தால் பருவக் குறியீடு கிடைக்கும். மே மாதத்துக்கு 0.955, 0.895, 1.011, சராசரி 0.954. இப்படிப் பன்னிரண்டு குறியீடு எடுத்து, 1952க்கு எதிர்பார்க்கும் மாதச் சராசரியான 197.2-ஆல் பெருக்கினேன். பிழை 6.3. மே மாதப் பிழை 16.4-லிருந்து 5.1 ஆனது. ஆனால் ஏப்ரல், நவம்பர் இரண்டும் கொஞ்சம் மோசமாயின. சராசரி எடுப்பதில் இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போதும் உண்டு.

இதுவரை நான் செய்ததில் எதுவும் ‘மாடல்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்கதல்ல. அடுத்து முறையான மாடல்களுக்குப் போனேன்.

மட்டம், போக்கு, பருவம் மூன்றையும் புது எண் வர வரத் திருத்திக்கொண்டே போகும் ஹோல்ட்-வின்டர்ஸ் முறையை முதலில் எடுத்து, என்னென்ன மதிப்பிட வேண்டும் என்று எண்ணினேன். தொடக்க மட்டம் ஒன்று, தொடக்கப் போக்கு ஒன்று, பருவக் குறியீடு பன்னிரண்டில் சுதந்திரமானவை 11, மென்மையாக்கும் எண்கள் மூன்று, பிழையின் பரவல் ஒன்று. மொத்தம் 17 அளவுருக்கள், அதாவது தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய எண்கள். தரவு 36. ஒரு அளவுருவுக்கு இரண்டு எண்ணுக்குச் சற்று மேல்தான் வருகிறது. மென்பொருள் குறை சொல்லாமல் ஓடி ஒரு விடையைக் கொடுத்துவிடும். அதுதான் சிக்கலே.

மாடல்களை ஒப்பிட, அளவுரு கூடக் கூடத் தண்டம் போடும் ஏஐசி என்ற அளவு உண்டு; குறைந்தால் நல்லது. இங்கே அதைவிட அதன் சிறுதரவுத் திருத்தமான ஏஐசிசியைப் பார்க்க வேண்டும். திருத்தம் சின்னதுதான்: அளவுருக்கள் கே, தரவு என் என்றால், 2கே(கே+1)ஐ (என்−கே−1)ஆல் வகுத்துக் கூட்டுவது. 17 அளவுரு, 36 தரவு என்றால் 612ஐ 18ஆல் வகுக்க 34. அதே பருவ வடிவத்தைப் பன்னிரண்டு குறியீடாக வைக்காமல் இரண்டு ஜோடி சைன்-கொசைன் அலைகளாக வைத்தால் பருவத்துக்கு 4, மட்டமும் போக்கும் 2, பரவல் 1, ஆக 7 அளவுரு. தண்டம் 112ஐ 28ஆல் வகுக்க 4. முப்பத்து நான்கு எங்கே, நான்கு எங்கே! தரவு ஆயிரம் இருந்தால் இந்தத் திருத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிடும். யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 36-ல் இது தீர்ப்பையே மாற்றிவிடும். ஆகவே சிறு தொடரில் ‘தானாகவே சிறந்த மாடலைத் தேர்ந்தெடு’ என்ற வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் அது எந்த அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் அரிமா, தொடரின் பழைய மதிப்புகளையும் பழைய பிழைகளையும் வைத்துக் கணிக்கும் மாடல் குடும்பம். இந்தத் தொடருக்குப் பெயர்போன மாடல் ஒன்று உண்டு. மடக்கை எடுத்து, ஒரு மாத வித்தியாசமும் பன்னிரண்டு மாத வித்தியாசமும் எடுத்து, இரண்டே இரண்டு நகரும்-சராசரி அளவுருக்களை (முந்தைய பிழைகளுக்குக் கொடுக்கும் எடைகளை) வைப்பது. அளவுரு குறைவு என்பதால் சிறு தரவுக்கு ஏற்றது போலத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு வித்தியாசங்களுக்கும் விலை உண்டு: 13 எண்கள் போய்விடும். 36-ல் மிஞ்சுவது 23.

இந்த 23 எண்களுக்கு ஒரு மாத இடைவெளி ஆட்டோகோரிலேஷனை, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்கு முந்தைய எண்ணுக்கும் உள்ள தொடர்பை, கையால் போட்டேன். வந்தது −0.37. இதற்குள் இருந்தால் தற்செயல் என்று தள்ளும் வழக்கமான எல்லைக்கோடு 1.96ஐ 23-இன் வர்க்கமூலத்தால் வகுப்பது, அதாவது 0.41. −0.37 அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. ‘குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை’ என்று விதிப்படி எழுதிவிட்டுப் போகலாம். முழு 144 மாதத்தையும் எடுத்தால் அதே அளவு −0.34. கிட்டத்தட்ட அதே எண்தான். ஆனால் அங்கே மிஞ்சுவது 131 எண், எல்லைக்கோடு 0.17; தொடர்பு இருப்பதில் சந்தேகமே இல்லை. மாறியது தொடர்பின் அளவு அல்ல, அதைப் பார்க்கும் கண்ணாடியின் தடிமன்தான். சிறு தரவில் ‘கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே இல்லை’ என்று படிப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

அதற்காக −0.37ஐ நம்பிவிடலாமா? அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உடைத்துப் பார்த்தேன். 22 பெருக்கல்களின் கூட்டு அது. அதில் ஒரே ஒரு பெருக்கல், 1951 மே-ஜூன் ஜோடி, மொத்தத்தில் 65 சதவீதத்தைக் கொடுத்திருக்கிறது. மே மாதம் மேலே துள்ளி ஜூன் மாதம் திரும்பி வந்ததால் உண்டான ஒற்றை ஜோடி. அதை மட்டும் நீக்கினால் −0.37 என்பது −0.13 ஆகிவிடும். முழுத் தொடரில் உள்ள உண்மையான எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது பாதி தற்செயல். சிறு தரவில் ஒரு புள்ளிவிவரம் வந்தால், அதில் எந்த எண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று உடைத்துப் பார்க்க அரை மணி நேரம்தான் ஆகும். நீளமான தரவில் இதைச் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

முழுத் தொடரில் அரிமாவின் அந்த இரண்டு அளவுருக்கள் 0.40, 0.56 என்று வரும். மதிப்பீட்டின் தடுமாற்றத்தைச் சொல்லும் திட்டப்பிழை முறையே 0.09, 0.07. 23 எண்ணில் முதலாவதன் திட்டப்பிழை சூத்திரப்படியே 0.19 ஆகிறது. அதாவது 0.03 முதல் 0.77 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பன்னிரண்டு மாத அளவுருவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பன்னிரண்டு மாத இடைவெளியில் 11 ஜோடிகள்தான் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலையில் நகரும்-சராசரி அளவுரு தன் எல்லையான 1-இல் போய் ஒட்டிக்கொள்வதும் நன்றாகத் தெரிந்த நோய்தான். மதிப்பீடு மிகச் சரியாக 1 அல்லது 0.9999 என்று வந்தால் தரவு பேசவில்லை என்று அர்த்தம்.

தொடரின் முந்தைய மதிப்பிலிருந்தே அடுத்ததைக் கணிக்கும் தன்பின்னடைவு மாடல் பக்கம் போனாலும் வேறு விதமான தொல்லை. அங்கே மதிப்பீடு ஒரே திசையில் சாய்கிறது. 1954-லேயே கெண்டாலும், மாரியட்-போப் இருவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்: உண்மையான அளவுரு ஃபை என்றால், சராசரியும் சேர்த்து மதிப்பிடும்போது, மதிப்பீடு தோராயமாக (1+3ஃபை)ஐ என்-ஆல் வகுத்த அளவுக்குக் கீழே விழும். உண்மை 0.8, தரவு 36 என்றால் 3.4ஐ 36ஆல் வகுக்க 0.094. அதாவது சராசரியாக 0.7 என்றுதான் வரும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஒரு அதிர்ச்சி பாதியாகக் கரைய 0.8-ல் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், 0.7-ல் இரண்டு மாதம்கூட ஆகாது. தொடர் உண்மையில் உள்ளதைவிட வேகமாக இயல்புக்குத் திரும்பும் என்று மாடல் நம்பவைக்கும். இதற்குத் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் திருத்தம் இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆக, 6.3 பிழை தந்த எளிய முறையிலேயே நின்றேன். எளிய முறைகள் நிற்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. 3003 தொடர்களை வைத்து மக்ரிடாகிஸும் ஹிபோனும் நடத்தி 2000-ல் வெளியிட்ட எம்3 கணிப்புப் போட்டியில்கூட, சிக்கலான முறைகள் எளியவற்றைவிடக் கட்டாயம் துல்லியமாக இருக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் 6.3-ஐப் பார்த்துச் சந்தோஷப்படவும் மனம் வரவில்லை. 1952க்கு நான் கணித்த மொத்தம் 2367. உண்மையில் வந்தது 2364. பிழை 0.1 சதவீதம். இரண்டே இரண்டு வளர்ச்சி எண்கள், ஒன்று 10.3%, இன்னொன்று 21.8%. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடித்தேன். உண்மை சரியாக அங்கேயே வந்து உட்கார்ந்தது. இது திறமை என்றால் யார் நம்புவார்கள்?

ஒத்திகைத் தொடர் நீளமானது என்பதன் பலன் இங்கேதான். அதே முறையை, ஒவ்வொரு முறையும் மூன்று வருடத்தை மட்டும் கொடுத்து, ஒரு வருடம் ஒரு வருடமாக நகர்த்தினேன். 1950-52ஐ வைத்து 1953. 1951-53ஐ வைத்து 1954. இப்படியே 1960 வரை. ஆண்டு மொத்தத்தில் வந்த பிழைகள்: 1953-ல் 4.0%, 1954-ல் 8.3%, 1955-ல் 7.4%, 1956-ல் 2.8%, 1957-ல் 4.4%, 1958-ல் 10.1%, 1959-ல் 4.2%, 1960-ல் 3.0%. 1952-இன் 0.1%ஐயும் சேர்த்தால் சராசரி 4.9%. முதல் மூன்று வருடத் துண்டில் மட்டும் சோதித்துவிட்டு ‘என் முறையின் பிழை ஆயிரத்தில் ஒன்று’ என்று சொல்லியிருந்தால் அடுத்த ஆண்டே மானம் போயிருக்கும்.

மூன்று வருடத்தோடு நிறுத்தாமல் 1949 முதல் சேர்ந்த எல்லா வருடத்தின் வளர்ச்சியையும் சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். சராசரிப் பிழை 4.9%-லிருந்து 3.4%க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம். ஆனால் 1958-இன் பிழை 10.1%-லிருந்து 10.5% ஆனது. அந்த ஆண்டு வளர்ச்சி 3.4% மட்டுமே. 1957-58-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சுருங்கிய காலம் அது. அதற்கு முந்தைய எண்கள் எதிலும் அதற்கான அறிகுறி இல்லை. நினைவு நீண்டால் சலசலப்பு அடங்கும். புதிதாக வரும் அதிர்ச்சியை எந்த நீளமான நினைவும் முன்கூட்டிச் சொல்லாது.

தொலைதூரம் எப்படி என்றும் ஆர்வத்துக்காகப் போட்டுப் பார்த்தேன். 1951-லேயே நின்றுகொண்டு 15.9% வளர்ச்சியை நீட்டிக்கொண்டே போனால் 1953-ல் பிழை 1.6%. பரவாயில்லை. 1960-ல் கணிப்பு 7709, உண்மை 5714. முப்பத்தைந்து சதவீதம் அதிகம். போக்கைப் போகப் போக மட்டுப்படுத்தும் முறையைக் கார்ட்னரும் மெக்கன்ஸியும் 1985-ல் முன்வைத்தார்கள். சிறு தரவில் ஒரு வருடத்துக்கு மேல் கணிக்க நேர்ந்தால் அதை யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன்.

இனி வரம்பு. ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கிருந்து எங்கு வரை என்று சொல்ல வேண்டும். ஆண்டு வளர்ச்சிக்குக் கையில் இருப்பது இரண்டு எண்கள். மடக்கையில் 0.098, 0.198. சராசரி 0.148, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.071. இரண்டே எண்கள் என்பதால் இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்தக்கூடாது, எண்கள் குறைவாக இருக்கும்போது வரம்பை அகலமாக்கும் டி-பரவல்தான் சரி. கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்டது இதற்காகவேதான். அவருக்கும் மாதிரிகள் கொஞ்சமாகத்தான் கிடைத்தன. கட்டின்மை எண் (கையில் உள்ள எண்களிலிருந்து மதிப்பிட்டவற்றைக் கழித்தது) 1 என்றால் 95%க்கு டி மதிப்பு 12.7. இயல்நிலையில் 1.96 இருக்கும் இடத்தில் 12.7! போட்டுப் பார்த்தால் 1952-இன் வளர்ச்சி −61% முதல் +248% வரை எங்கும் இருக்கலாம் என்று வருகிறது. கணக்கில் தவறு இல்லை. இரண்டு எண்களிலிருந்து தரவு நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆனால் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

95% என்ற பிடிவாதத்தை விட்டு 80%க்கு வந்தால் டி மதிப்பு 3.08. வரம்பு −11% முதல் +51%. இன்னும் அகலம்தான்.

இதற்கு மேல் குறுக்க வேண்டுமானால் தரவுக்கு வெளியிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும். வேறு வழியே கிடையாது. எந்த மாடலும் இல்லாத தகவலை உண்டாக்காது. வளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறும் என்பது இதே வகையைச் சேர்ந்த வேறு தொடர்களைப் பார்த்தால் தெரியும். அல்லது அந்தத் துறையில் பல வருடம் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். ‘ஒரு வருடத்தில் பாதியாகக் குறைந்து பார்த்திருக்கிறீர்களா? இரட்டிப்பாகிப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டாலே அந்த −61%ம் +248%ம் போய்விடும். அப்படிக் கேட்டு, திட்டவிலக்கம் சுமார் 0.07 என்று தெரிந்ததாக வைத்துக்கொண்டால் 80% வரம்பு 4% முதல் 29% ஆகிறது. இது பயன்படும் வரம்பு. பிற்பாடு 1952 முதல் 1960 வரையிலான வளர்ச்சிகளைப் பார்த்தால் உண்மையான திட்டவிலக்கம் 0.044தான், நான் வைத்தது தாராளம். தாராளமாகத் தவறுவது எனக்குச் சம்மதமே. ஆனால் இந்த 0.07 தரவிலிருந்து வந்ததல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்தது என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும். முன்னறிவைத் தரவோடு சேர்க்கும் பேய்சியன் முறை என்று பெயர் சூட்டினாலும் சூட்டாவிட்டாலும் நடப்பது இதுதான்.

மாதங்களின் சலசலப்புக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. உள்ளேயே கடன் வாங்க முடிந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று குறியீடுகள்தான். தனித்தனியாகத் திட்டவிலக்கம் போட்டால் அக்டோபருக்கு 0.007, மே மாதத்துக்கு 0.058 என்று வருகிறது. அக்டோபர் எட்டு மடங்கு நிச்சயமான மாதம் என்று இதற்கு அர்த்தமா? மூன்று எண்கள் தற்செயலாக அருகருகே விழுந்திருக்கின்றன, அவ்வளவே. பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே திட்டவிலக்கம் எடுத்தேன். கட்டின்மை எண் 2-லிருந்து 22க்குத் தாவுகிறது, மதிப்பு 0.0315. இந்த எண்ணை நம்பலாம். சிறு தரவில் எனக்குப் பிடித்த தந்திரம் இதுதான்: எவை ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நியாயமாகச் சொல்ல முடியுமோ அவற்றையெல்லாம் ஒரே பானையில் போட்டுவிடுவது.

மட்டத்தின், அதாவது ஆண்டுச் சராசரியின், நிச்சயமின்மை 0.086 (அந்த 0.07-உடன் சராசரி வளர்ச்சியை மதிப்பிட்டதன் பிழையும் சேர்ந்தது), மாதச் சலசலப்பு அதேபோல் குறியீட்டுச் சராசரியின் பிழையும் சேர்ந்து 0.036, இரண்டையும் சேர்த்தால் 0.093. ஒவ்வொரு மாதத்துக்கும் 80% வரம்பு ஏறத்தாழ 12% மேலும் கீழும். ஜூலைக்குக் கணிப்பு 234, வரம்பு 207 முதல் 263. உண்மை 230. பன்னிரண்டு மாதமும் வரம்புக்குள் விழுந்தன. 80% வரம்புக்குள் நூற்றுக்கு நூறா என்று பெருமைப்படக்கூடாது. பன்னிரண்டு பிழைகளும் பெரும்பாலும் ஒரே பிழையின் நிழல்கள்: ஆண்டு மட்டம் சரியாக விழுந்தால் பன்னிரண்டும் உள்ளே, தவறினால் கூட்டமாக வெளியே. இதைப் பன்னிரண்டு சாட்சிகள் என்று எண்ணாமல் ஒரு சாட்சியாக எண்ண வேண்டும்.

நடுவில் ஒரு கிளைக்கதை. மார்ச், ஏப்ரல் இரண்டுக்கும் கணிப்பு 11, 12 அதிகமாக வந்திருந்தது. 1951-ல் ஈஸ்டர் மார்ச் 25. 1952-ல் ஏப்ரல் 13. ஆகா, விடுமுறைக் கூட்டம் மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்கு நகர்ந்திருக்கிறது, அதனால்தான் மார்ச் குறைந்தது என்று ஒரு கதை தயாராகிவிட்டது. ஆனால் அப்படியானால் ஏப்ரல் கூடியிருக்க வேண்டும். ஏப்ரலும் குறைந்திருக்கிறது. கதை பாதிக்குத்தான் பொருந்துகிறது. 36 எண்களில் எதற்கு வேண்டுமானாலும் ஒரு கதை கிடைத்துவிடும். கதையின் மறுபாதியையும் சோதிக்காமல் மாடலில் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். 1952 லீப் ஆண்டு என்பது மட்டும் வேறு வகை. பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுதல், 28-இல் ஒரு பங்கு என்றால் 3.6%. இதைத் தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய அவசியமே இல்லை, காலண்டரே சொல்லிவிடுகிறது. 1951ஐ வளர்ச்சியால் மட்டும் பெருக்கிய முறையில் இந்தத் திருத்தத்தைப் போட்டால் பிப்ரவரிக்கு 180 வருகிறது, உண்மையும் 180. குறியீட்டு முறையில் போட்டால் 179 என்பது 185 ஆகிப் பிழை கூடுகிறது. ஒரு மாதத்தின் முடிவைப் பார்த்து வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்க முடியாது. காரணம் திடமானது, செலவு பூஜ்யம் அளவுரு. என் சொந்தத் தொடரில் நாள் எண்ணிக்கைத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். இங்கே ஒத்திகையில் எண்கள் குழம்ப வேண்டாம் என்று சேர்க்கவில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. டிசம்பரில் கணிப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த டிசம்பர் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1952 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் மட்டும் திறந்தேன்: 171, 180, 193. கணிப்பு 168, 179, 204. மடக்கை வித்தியாசங்களின் சராசரி −0.0098. அதாவது மட்டம் நினைத்ததைவிட ஒரு சதவீதம் கீழே இருப்பது போல் தெரிகிறது. இதை எவ்வளவு நம்புவது? மட்டத்தின் பழைய பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) 0.0073, மூன்று மாதச் சலசலப்பின் பரவற்படி 0.00044. எடை போட்டால் புதிய தகவலுக்கு 94%. திருத்திய மட்டத்தின் நிச்சயமின்மை 0.086-லிருந்து 0.020க்கு வந்துவிடுகிறது. மூன்று வருடத் தரவால் தர முடியாததை மூன்று மாதம் தந்துவிட்டது. மட்டம் என்ற ஒற்றை எண்ணில்தான் நிச்சயமின்மை முழுக்கக் குவிந்திருந்தது. அதை நேரடியாக அளக்கும் எண்கள் வந்ததும் அது கரைந்தது.

மீதி ஒன்பது மாதத்துக்கு 80% வரம்பு இப்போது 12%க்குப் பதில் சுமார் 5.3% மேலும் கீழும். ஜூலைக்கு 220 முதல் 244, உண்மை 230. ஆகஸ்டுக்கும் அதே வரம்பு; உண்மை 242, உள்ளே. ஜூன் 218, மேல் விளிம்பில் மயிரிழையில் உள்ளே. ஏப்ரலுக்கு வரம்பு 182-இல் தொடங்குகிறது, வந்தது 181, வெளியே. நவம்பர் 171.5-இல் முடிகிறது, வந்தது 172, அதுவும் வெளியே. ஒன்பதில் ஏழு உள்ளே. 80% வரம்பு என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்க வேண்டும்.

மாதச் சலசலப்பு ஒன்றோடொன்று தொடர்பில்லாதது என்று இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் கூடினால் அடுத்த மாதமும் கூடும் தொடராக இருந்தால் அந்த 94% எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். என் 36 மாதத் தொடருக்கு 80% எடை வைத்து, ஒவ்வொரு மாதமும் புது எண் வந்தவுடன் திருத்தும் ஒரு விரிதாளாகக் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று கட்டங்களுக்கு மஞ்சள் நிறம்: வளர்ச்சியின் திட்டவிலக்கம், எடை, மாதத்து நாட்கள். இவை தரவிலிருந்து வராதவை. மாற்றுவதானால் காரணம் எழுதிவிட்டு மாற்றவும் என்று பக்கத்தில் குறிப்பு.